பூட்டுப் பெடலும் பதினேழு கோயில்களும்

1

என் இடது முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. போன வாரம் அதற்கு ஒரு மருத்துவப் படிவத்தில் இடம் கிடைத்தது.

பிரான்ஸில், கிரனோபிள் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. ஆண்டுக்கொருமுறை எங்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. இந்த நாட்டில் தும்மினால்கூட மூன்று படி எடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். மருத்துவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "எப்படி விழுந்தீர்கள்?" என்றார். சைக்கிளில் என்றேன். எதன்மேல் மோதினீர்கள் என்றார். எதன்மேலும் மோதவில்லை, வழியில் ஒரு கோயில் இருந்தது என்றேன்.

"கோயில் சுவரில் மோதினீர்களா?"

"இல்லை ஐயா. கோயில் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய படிவத்தில் கார் இருந்தது, நாய் இருந்தது, பள்ளம் இருந்தது, கட்டடம் இருந்தது. பிள்ளையாருக்குக் கட்டம் இல்லை. என் பிரெஞ்சு மொழி பதினைந்து வருடமாகியும் இப்படிப்பட்ட இடத்தில்தான் காலை வாரும். கடைசியில் 'கட்டடம்' என்ற இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்பிவிட்டார். பிள்ளையாரைக் கட்டடமாக்கிவிட்டு வந்த பாவி நான்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. அந்தச் சூட்டோடு இதை எழுதுகிறேன்.

2

நான் தென்காசிக்காரி, பெயர் கோமதி. எழுபத்திரண்டில் காரைக்கால் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டேன். அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, தபால் நிலையத்தில் உத்தியோகம். இங்கே வந்து சேர்ந்த அடுத்த வருடம் மகள் பிறந்தாள். குற்றாலத்து அம்மன் பெயரை வைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று குழல்வாய்மொழி என்று வைத்தேன். நகராட்சி எழுத்தர் படிவத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கட்டங்கள் தீர்ந்த பிறகும் பெயர் தீரவில்லை. வீட்டில் அவள் குழலி. பள்ளிக்கூடத்தில் இன்றுவரை அவளை யாரும் ஒழுங்காகக் கூப்பிட்டதில்லை.

பதின்மூன்று வயதில் குழலி சைக்கிள் சங்கத்தில் சேர்ந்தாள். அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எங்கள் வீட்டிலிருந்து காணாமல் போயிற்று. காலையில் போனால் சாயங்காலம் சேறும் வியர்வையுமாக வருவாள், குளிப்பாள், தூங்குவாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில், அதுவும் ஒரே வார்த்தை. சண்டை போட்டுப் பார்த்தேன். பட்டினி கிடந்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பெற்ற பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேச வேண்டுமென்றால் நானும் சைக்கிளில் ஏறித்தான் ஆகவேண்டும் என்று ஒருநாள் புரிந்தது.

எனக்கோ சைக்கிள் என்றால் கேரியர்தான். தென்காசியில் என் அண்ணன் ஆறுமுகம் மிதிக்க, நான் பின்னால் ஒருச்சாய்த்து உட்கார்ந்து எத்தனை தடவை குற்றாலம் போயிருக்கிறேன்! ஹேண்டில்பாரைத் தொட மட்டும் விடமாட்டான். "நீ பிடிச்சேன்னா ரெண்டு பேரும் வாய்க்கால்லதான் கிடப்போம்" என்பான். முப்பத்தைந்து வயதில், இந்த ஊரில், என் வீட்டுக்காரர் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர, நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அக்கம்பக்கத்தார் சன்னலைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

3

ஓட்ட வந்துவிட்டதே தவிர, மேடுபள்ளத்தில் கால் பெடலை விட்டு நழுவும். ஒருநாள் பெடல் திருப்பி அடித்ததில் கணுக்காலுக்கு மேலே தோல் உரிந்துவிட்டது. குழலி பார்த்துவிட்டு, "உனக்கு வேறு பெடல் வேண்டும், வா" என்றாள். அவளாக என்னை ஓரிடத்துக்குக் கூப்பிட்டு ஒரு வருடமாகியிருந்தது. ஈரத் தலையோடு கிளம்பிவிட்டேன்!

கடைக்காரர் அந்தக் காலத்தில் பந்தயம் ஓட்டியவர். மேசைமேல் நாலு விதமாக எடுத்து வைத்தார். முதலாவது, காலை வாரால் கட்டுவது. இறங்க வேண்டுமென்றால் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். குனிவதற்குள் நான் விழுந்துவிடுவேன், அப்பால் எடுங்கள் என்றேன். இரண்டாவதில் வார் இல்லை, ஆனால் காலை விடுவிக்கப் பெடலுக்குள் இருக்கும் ஒரு நெம்புகோலைக் கையால் நகர்த்த வேண்டும். இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அதையும் எடுக்கச் சொன்னேன்.

மூன்றாவதுதான் புது மாதிரி. அப்போதுதான் பந்தயக்காரர்கள் அதற்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பூட்ஸின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு. முன்பாதத்தைப் பெடலில் செருகிக் குதிகாலை அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். கையே வேண்டாம்! ஆனால் பந்தயக்காரர்களின் ஸ்பிரிங், கல் மாதிரி. நான் திருப்பிய திருப்பில் இடுப்புதான் சுளுக்கியது.

நாலாவதைக் குழலியே எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். அதே பூட்டு. ஆனால் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதைத் தளர்த்தினால் ஸ்பிரிங் இளகும். பாதம் பதிகிற இடமும் அகலம். "புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இதுதான். திருகு முழுக்கத் தளர்ந்தே இருக்கட்டும். பழகப் பழக இறுக்கிக்கொள்ளலாம்" என்றாள். கடைக்குள் நிறுத்தியிருந்த சைக்கிளில் ஏறி நாற்பது தடவையாவது டக், டக் என்று பூட்டித் திறந்தேன். ஒரு வாடிக்கையாளர் கைதட்டினார். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. அந்தப் பூட்ஸைப் போட்டு நடந்தால் வாத்து நடைதான், அதனால் என்ன?

எட்டு மாதம் ஓட்டினேன். ஒருமுறைகூட விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குழலி முதல் பத்து கிலோமீட்டர் என்னோடு வருவாள், பிறகு பறந்துவிடுவாள். அந்தப் பத்து கிலோமீட்டரில் அவள் பேசியது அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் பேசியதைவிட அதிகம்.

4

எண்பத்தேழு ஆடியில் ஊருக்குக் கிளம்பினோம். என் வீட்டுக்காரருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. குழலி ஊரைப் பார்த்து எட்டு வருடமாகியிருந்தது. வரவே மாட்டேன் என்றாள். விடுமுறை முடிந்ததும் சங்கத்தில் தேர்வுப் பந்தயம், ஒரு நாள்கூடப் பயிற்சியை விடமுடியாது. தினமும் காலையில் ஓட்டலாம் என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தாள். "அங்கே போய் ஓட்ட முடியாது என்று சொன்னால் அடுத்த தடவை நீயும் அப்பாவும் மட்டும் போங்கள்" என்றும் சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். ஊர் வேண்டாம் என்று இந்தப் பிள்ளை ஒருமுறை முடிவெடுத்துவிட்டால் பிறகு திருப்ப முடியாது என்று எனக்குப் பயம்.

சைக்கிளைத் தூக்கிவர முடியாது. பெடலும் பூட்ஸும் வந்தால் போதும், எந்த சைக்கிளிலும் மாட்டிக்கொள்ளலாம் என்றாள். மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து நாலு இரும்பையும் எடுத்து வரிசையாக வைத்தார்.

"என்னம்மா இது?"

"சைக்கிள் பெடல்."

"நம்ம நாட்டுல பெடல் கிடைக்காதுன்னு யார் சொன்னது?"

நான் பூட்ஸை எடுத்துச் செருகிக் காட்டினேன். வாங்கி இழுத்துப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட, அவரும் இழுத்தார். வரவில்லை. குழலி குனிந்து குதிகால் பக்கம் லேசாகத் திருப்பினாள், வந்துவிட்டது. "அட!" என்றார். அப்புறம் அவரே நாலைந்து தடவை பூட்டித் திறந்து பார்த்துவிட்டு, மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

5

அண்ணன் வீடு குத்துக்கல்வலசையில். அவனுக்குத் தென்காசியில் உரக்கடை. வீட்டில் அவனும் மதினியும் மட்டும்தான். அண்ணன் ஒரே நிபந்தனை போட்டான்: "பொம்பளப் பிள்ளையத் தனியா அனுப்ப முடியாது. சீசன் கூட்டம். கோமதி, நீ கூடப் போறதுன்னா போ. இல்லைன்னா வேண்டாம்." நான் சரி என்றேன். எட்டு மாதம் விழாதவள் அல்லவா!

ரயில் நிலையத்துப் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர் கடையநல்லூர்க்காரர், பீரண்ணன் என்பார்கள். பெடலைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"எம்மா, பெடலுங்கிறீய, காலை வைக்க இடத்தையே காணோமே?"

"காலை வைக்க இல்ல அண்ணே, பூட்ட."

"பூட்டவா! கள்ளன் காலையா?"

சொல்லிக்கொண்டே ஸ்பேனரைப் போட்டுவிட்டார். மரை கச்சிதமாக ஒத்துப்போனது. எனக்கு ஒரு லேடீஸ் சைக்கிள், குழலிக்கு ஓர் ஆண்கள் சைக்கிள். அவள் சீட்டை உயர்த்திக் கொடுக்கச் சொல்ல, "இதுக்கு மேல தூக்கினா சீட்டு கையோட வந்துரும்மா" என்றார்.

6

முதல் நாள் காலை. பொடிச் சாரல். தூரத்தில் தென்காசிக் கோபுர வேலைக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். நாங்கள் இலஞ்சி வழியாகப் போனோம். எதிரே குற்றால மலை, பாதி மேகத்துக்குள். ஐயோ, அந்தக் காற்று! பதினைந்து வருடமாக இந்தக் காற்றில் நான் கேரியரில்கூட உட்காரவில்லை, இப்போது நானே ஓட்டுகிறேன். "பாத்தியாட்டி? பாத்தியாட்டி?" என்று கத்திக்கொண்டே போனேன். குழலி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மலையையே பார்த்துக்கொண்டு வந்ததில் அதுவரை சாலையோரக் கோயில் எதுவும் என் கண்ணில் படவில்லை. இலஞ்சி விலக்கில், சாலை பிரிகிற இடத்தில், வலது பக்கம் ஒரு பிள்ளையார் கோயில் உண்டு.

பிறகு நடந்ததைச் சொல்லுமுன் ஒன்று சொல்ல வேண்டும். கோயிலைத் தாண்டிப் போகும்போது நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? சைக்கிளில் போனாலும் பஸ்ஸில் போனாலும், காலைச் செருப்பிலிருந்து மேலே உருவிக்கொள்வார்கள். ஒரு கை கன்னத்துக்குப் போகும். பேச்சு நிற்காது, சைக்கிள் நிற்காது. அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. நானும் கேரியரில் உட்கார்ந்து வருடக்கணக்காகச் செய்தவள். கிரனோபிளில் சாலையோரம் பிள்ளையார் ஏது? கால் அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

எங்கே மறந்தது! பிள்ளையாரைக் கண்டதும் வலது கை கன்னத்துக்குப் போயிற்று. இரண்டு காலும் செருப்பை உருவுகிற மாதிரி நேர் மேலே இழுத்தன. பூட்டுப் பெடலில் மேலே எவ்வளவு இழுத்தாலும் வராது. திருப்பினால்தான் வரும். ஸ்பிரிங்கை எவ்வளவு தளர்த்தியிருந்தால் என்ன? பிடித்திருப்பது ஒரு கை, ஊன்றக் காலும் இல்லை. சைக்கிள் இடது பக்கமாகச் சாய்ந்தது, நானும் அதோடு சாய்ந்து வாய்க்காலில் விழுந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் குற்றாலம் பஸ் வரவேண்டுமா? மேலெல்லாம் எண்ணெயோடு அருவிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர்களும் ஓடி வந்தார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்துத் தூக்கினார். நான் எழுந்தேன், கூடவே சைக்கிளும் எழுந்தது.

"ஏலே, சைக்கிள் கால்ல ஒட்டிக்கிட்டு வருதுலே!"

"பூட்டுல்லா போட்டிருக்கு!"

"சாவி எங்கம்மா? சாவி எங்க வச்சிருக்கீய?"

வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருப்பினால் வந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தால் மேலும் சிரிப்புத்தான் வந்தது. எண்ணெய்க் கைகள் என்னைப் பிடிக்கப் பிடிக்க வழுக்கின. மூன்று பேர் சேர்ந்து என்னைச் சைக்கிளோடு தூக்கி ரோட்டோரத்தில் வைத்தார்கள். முன்னால் போயிருந்த குழலி திரும்பி வந்து, சேற்றில் முழங்கால் போட்டு, என் குதிகால்களை ஒவ்வொன்றாகத் திருப்பி விடுவித்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் "ஓ!" என்றார்கள். அவள் முகம் சிவந்திருந்தது.

7

நாங்கள் உருட்டிக்கொண்டு வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அண்ணன் வாசலிலேயே நின்றான்.

"சீசனுக்கு வந்த கூட்டம் அருவியைப் பாக்காம உன்னையப் பாத்திருக்கு. பஸ் ஏறியிருந்தா என்ன ஆவும்? கால்ல பூட்டுப் போட்டுக்கிட்டு எவளாது சைக்கிள் ஓட்டுவாளா? ரெண்டு பேரும் இனி அதைத் தொடக்கூடாது. அம்புட்டுதான்."

"நீ சொல்வது நியாயம் இல்லை, மாமா" என்றாள் குழலி.

அண்ணனை அந்த வீட்டில் யாரும் 'நீ' என்றதில்லை. மதினிதான் சமாளித்தாள். "பிள்ளைக்கு நீ, நீங்க தெரியலைங்க. நேத்து ஆட்டுக்குட்டியப் பாத்து 'தயவுசெய்து நகருங்கள்'ங்கா."

அண்ணன் சிரிக்கவில்லை. குழலி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து விமானச் சீட்டை எடுத்தாள். முன்னதாகவே திரும்ப முடியுமா, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இடது முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மதினி, காலுக்காக அழுகிறேன் என்று நினைத்தாள். நான் வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்த பிள்ளை, என்னால் போகப்போகிறதே என்றுதான் அழுதேன்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. குழலி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எட்டு மாதம் சரியாகத் திருப்பினாய். இன்றைக்கு ஏன் மேலே இழுத்தாய்?"

ஹவாய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடுவீட்டில் நின்று செய்து காட்டினேன். கால் மேலே, கை கன்னத்தில். இன்னொரு தடவை செய் என்றாள். மூன்று தடவை செய்தேன். இதை நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவளுக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அதைப் பந்தயக் கணக்காகத்தான் பார்த்தாள். "அப்படியென்றால் பெடலில் தப்பில்லை. வழியில் எத்தனை கோயில் என்று தெரிந்தால் போதும்" என்றாள்.

மலைப் பந்தயத்தில் எங்கே ஏற்றம், எங்கே வளைவு என்று துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்வார்களாம். ஒரு காகிதத்தை நீளமாகக் கிழித்துக்கொண்டு மதினியிடம் போனாள். மதினி புளி உருட்டிக்கொண்டே கண்ணை மூடிச் சொல்ல ஆரம்பித்தாள். மரத்துக்குப் பின்னால் இருப்பது, சந்துக்குள் கோபுரம் மட்டும் தெரிவது, ஒன்றையும் விடவில்லை. "மாதா கோயிலையும் எழுதிக்க, உங்கம்மா அதுக்கும் கன்னத்துல போடுவா. தர்காவையும் எழுது." குத்துக்கல்வலசையிலிருந்து பெரிய அருவி வரை மொத்தம் பதினேழு.

இரண்டு நாள் வீட்டுக்குப் பின்னாலிருந்த நெற்களத்தில் பயிற்சி. குழலி "திருப்பு!" என்று கத்துவாள், நான் வலது குதிகாலை வெளியே திருப்பிக் காலை எடுக்க வேண்டும். பிறகுதான் கை கன்னத்துக்குப் போகலாம். திருப்பு! திருப்பு! பக்கத்து வயலில் நாற்று நட்டவர்களும் கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

மூன்றாம் நாள் அண்ணன் இறங்கி வந்தான். மதினி என்ன சொன்னாள் என்று தெரியாது. "ஒரே ஒரு தடவை. நான் ஸ்கூட்டர்ல பின்னாலயே வருவேன். விழுந்தேன்னா அத்தோட சரி. அவ பிளேன் ஏறட்டும், நான் தடுக்கமாட்டேன்" என்றான்.

8

குழலி என் பக்கத்திலேயே வந்தாள், கோயில் பட்டியலைப் பார்த்துக்கொண்டு. "திருப்பு!" முதல் கோயில். "திருப்பு!" இரண்டாவது. இலஞ்சி விலக்கில் பிள்ளையாரைப் பார்த்து முறைத்துவிட்டுத்தான் கும்பிட்டேன். பன்னிரண்டு, பதின்மூன்று என்று வந்துகொண்டே இருந்தன. குற்றாலம் நெருங்க ஏற்றம். மூச்சு வாங்கியது. அடுத்தது தூரத்தில் என்றாள். சரி என்று தலையைக் குனிந்து மிதித்தேன்.

ஒரு திருப்பத்தில் திடீரென்று மேளச்சத்தம். அம்மன் கொடைத் திருவிழா! முந்தின நாள் போட்ட பந்தல், வேப்பிலைத் தோரணம், நடுவில் மஞ்சள் பூசிய அம்மன். பட்டியலில் அது இல்லை. எப்படி இருக்கும்? குழலி வாயைத் திறப்பதற்குள் என் கண் அம்மனைப் பார்த்துவிட்டது. கை ஹேண்டில்பாரை விட்டுக் கிளம்பிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

'டக்.'

வலது குதிகால் தானாகவே வெளிப்பக்கம் திரும்பியிருந்தது! நான் சொல்லவில்லை, குழலியும் சொல்லவில்லை. கால் காற்றில், கை கன்னத்தில், சைக்கிள் நேராக ஓடிக்கொண்டிருக்கிறது! குழலி பிரெஞ்சில் ஏதோ கூவினாள். நான் "அம்மா! தாயே!" என்று கூவினேன். பந்தலில் இருந்தவர்கள் எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்துக் குலவையே போட்டார்கள்.

பெரிய அருவி வரை போய் இறங்கித் திரும்பிப் பார்த்தால் பின்னால் அண்ணனைக் காணோம். ஐந்து நிமிடம் கழித்து வந்தான். பந்தலைப் பார்த்ததும் அவனும் ஸ்கூட்டரில் காலை உருவியிருக்கிறான். செருப்பு ரோட்டில் விழுந்து, அதன்மேல் ஒரு வேன் ஏறிவிட்டதாம். ஒற்றைச் செருப்போடு நின்றான். மறுநாள் காலையில் நாங்கள் சைக்கிளை எடுத்தபோது, "இட்லியத் தின்னுட்டுப் போங்க" என்றான்.

ஐந்து வாரம் தினமும் போனோம். என்னை அருவிக்கரையில் விட்டுவிட்டு அவள் செங்கோட்டை வரை பறந்துபோய்த் திரும்புவாள். பிறகு இருவரும் நனைந்துகொண்டே வீடு திரும்புவோம்.

9

கடைசி நாள் எல்லோருமாகப் பீரண்ணன் கடைக்குப் போனோம். அவர் ஸ்பேனரைப் போட்டுக் குழலியின் பெடல்களைக் கழற்றிக் கொடுத்தார். என் சைக்கிளுக்கு வந்தபோது குழலி, "இது இருக்கட்டும்" என்றாள்.

"ஏட்டி, நான் அங்க வந்து எதை மிதிக்க?"

"உனக்கு இனி இது வேண்டாம். இறுகின ஸ்பிரிங் வாங்கலாம். இது புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு."

"இங்கன யாரு புதுசா ஓட்டப் போறா?"

கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மதினி குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள். என் பூட்ஸில் ஒன்றை எடுத்துக் காலை விட்டுப் பார்த்தாள்.

"எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அண்ணன், "என்னட்டி செய்யுத?" என்றான்.

"நான் இலஞ்சியில தென்னந்தோப்புக்குள்ள ஓட்டினவதான். கல்யாணம் ஆவுற வரைக்கும் ஓட்டினேன். நீங்க கேக்கல, நான் சொல்லல."

அண்ணன் பீரண்ணனைப் பார்த்தான். பீரண்ணன் ஸ்பேனரைப் பார்த்தார். குழலி தரையில் உட்கார்ந்து மதினிக்குப் பூட்ஸின் கயிற்றைக் கட்டிவிட்டாள்.

"அத்தை, திருகு முழுக்கத் தளர்வாக இருக்கிறது. யார் சொன்னாலும் இறுக்க வேண்டாம். அடுத்த ஆடிக்கு வந்து பார்ப்பேன். அதற்குள் நீங்கள் அருவி வரைக்கும் போயிருக்க வேண்டும்."

"நீ வா," என்றாள் மதினி. "நான் முன்னால போய்க்கிட்டிருப்பேன்."